கிணற்றுப் பக்கச் சுவர்

நாங்கள் கணக்குப் போட்ட அந்த அறைக்கு மூன்று ஜன்னல்கள் இருந்தன என்று நினைக்கிறேன். தெருப் பக்கம் இரண்டு, மாமரத்துப் பக்கம் ஒன்று. கிணற்றுப் பக்கம் வெறும் சுவர். நாலு ஜன்னல் என்று ஒருவர் என்னிடம் சொன்னதுண்டு. அவர் சொன்னது பிழையாக இருக்கலாம், என் நினைவே பிழையாகவும் இருக்கலாம். வயதானால் ஜன்னல்கள் இடம் மாறிவிடுகின்றன. ஆனால் முக்கியமானவை எனக்கு அப்படியே இருக்கின்றன. அவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வீடு காஜா பெராங்கில், கம்போங் செட்டி என்ற குடியிருப்பை ஒட்டி இருந்தது. சொந்தக்காரி ருக்மணி அம்மாள், தலைமுறைகளுக்கு முன்பே வந்து தமிழை மறந்த செட்டிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கெபாயா என்ற மலாய்ச் சட்டை உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசி, எங்களோடு மலாயில்தான் பேசுவார். காலையில் நான் கதவைத் திறக்கும்போது, "சுடா மாக்கான், கிராணி?" என்பார். சாப்பிட்டாயிற்றா, கணக்கரே என்று. பதில் எதிர்பார்க்காத கேள்வி. எனக்கு அது பிடித்திருந்தது. நான் அதிகம் பேசுகிறவன் அல்ல. மாலையில் என் வீட்டுக்குப் போனால் புத்தகம் படிப்பேன். ஒரு பக்கம் படித்துவிட்டு நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். அப்படி இருக்கும்போதுதான் எனக்கு எதுவும் விளங்கும்.

மெர்டேக்கா என்று நாங்கள் சொல்லும் சுதந்திரம் வருகிற வருஷம் அது. ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர ஒரு குன்றைக் குடைந்துகொண்டிருந்தார்கள். கிழக்கிலிருந்து ஒரு கூட்டம், மேற்கிலிருந்து ஒரு கூட்டம், இரண்டும் நடுவில் சந்திக்க வேண்டும். இன்னும் எவ்வளவு பாறை மிச்சமிருக்கிறது என்பதை உள்ளே நின்று பார்க்க முடியாது. குன்றின் மேல் ஏறி அளந்து, அந்த அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டால்தான் தெரியும். மேடு, சரிவு, வளைவு, ஒவ்வொன்றுக்கும் திருத்தம். தனி ஆள் உட்கார்ந்தால் ஒரு வருஷம் ஆகும். மெர்டேக்காவுக்கு முன் தண்ணீர் வரவேண்டும் என்று கம்பெனி நினைத்தது.

அதற்கு நான்தான் ஒரு வழி கண்டேன். ஆறு பேர், ஆறு கணக்கு மெஷின். கைப்பிடியைச் சுற்றினால் பல் சக்கரங்கள் கரகரவென்று ஓடி எண்கள் மாறும், கூட்டல் மெஷினின் கடைசி இலக்கத்தைத் தாண்டினால் ஒரு சிறிய மணி அடிக்கும். பெரிய கணக்கைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கொரு தாளாகக் கொடுப்பேன். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அவருடைய தாளைப் பிரித்து மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவேன். கைப்பிடிகளின் சத்தம் நிற்காது. யார் வேண்டுமானாலும் இல்லாமல் போகலாம், கணக்கு வந்து சேர்ந்துவிடும். கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை ஒருநாள் வந்து வாசலில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, ஆறு பேரும் ஒரே ஆள் மாதிரி இருக்கிறார்கள் என்றார். என் வாழ்க்கையில் என்னைப் பற்றி யாரும் சொன்ன நல்ல வார்த்தை அதுதான்.

ஒரு விஷயம் துரைக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு துண்டையும் இரண்டு பேருக்குக் கொடுத்தேன். யாருக்கு யார் இணை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு தாள்களும் ஒத்தால் கையெழுத்துப் போடுவேன். ஒக்காவிட்டால் இரண்டையும் கிழித்துவிட்டு மறுபடி கொடுப்பேன். இந்த முறை ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: இரண்டு பேரும் கணக்கைப் பற்றி ஒருவரோடொருவர் பேசியிருக்கக் கூடாது. பேசிவிட்டால் இரண்டு தாள் என்பது ஒரு தாள்தான்.

தாளில் வராத விவரங்களை நான் கரும்பலகையில் எழுதுவேன். பலகையில் இல்லாததைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, தெரிந்த விஷயமானாலும் சேர்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். ஆறு பேரில் ஒருவனான ஜெயபாலன் அன்றைக்குக் கையைத் தூக்கினான்.

"அப்ப நாளைக்கு வீடு நெருப்புப் புடிச்சாலும் பலகையில எழுதினாத்தான் ஓடணுமா அண்ணே?"

"ஆமாம்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

எல்லாருக்கும் இணை வைத்தேன். தாளைக் கொடுக்கிறவனும், பலகையில் எழுதுகிறவனும், ஒத்துப் பார்க்கிறவனும் நான் ஒருவன். எனக்கு இணை தேவைப்படவில்லை.

ஜெயபாலன் கெட்டிக்காரன். கை வேகம். கவனம்தான் போதாது. பலகையைப் பார்க்காமலே தாளை ஆரம்பித்துவிடுவான், பக்கத்தில் இருப்பவர் இடித்துச் சொல்ல வேண்டும். விஜயா அப்படி இல்லை. தலைநிமிர்ந்து பலகையை ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கைப்பிடியைத் தொடுவாள். அவளுடைய மேஜையை என் மேஜைக்கு எதிரே போட்டிருந்தேன். அங்கே வெளிச்சம் நன்றாக இருந்தது. அந்த இருவரையும் நான் இணையாக வைத்தேன். வேகமும் கவனமும் ஒரே எண்ணில் வந்து நின்றால் அந்த எண்ணைச் சந்தேகிக்க இடமில்லை. அவர்களை அந்த அளவுக்கு நம்பினேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

குன்றின் மேல் டேப் பிடித்து அளந்தவர் யூசுப். ஒருநாள் பத்து மணிக் கோப்பி நேரத்தில் வந்தார். அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. தோளில் சுருட்டிய இரும்பு டேப், காலில் செம்மண்.

"கிராணி, டேப்புத் தலை ஒடிஞ்சு போச்சு. மொத அடி இல்ல. ஒண்ணாம் நம்பர்லருந்துதான் புடிச்சு அளந்தோம். நூறுன்னு எழுதியிருக்கிறதெல்லாம் தொண்ணூத்தொம்பதுதான். எல்லாத்துக்கும் ஒவ்வொரு அடி கழிக்கச் சொல்லிருங்க."

கிணற்றடியில் ஜெயபாலன் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். விஜயா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவன் வாளியைச் சாய்க்காமல் பிடித்துக்கொண்டு, "பலகையில எழுதலையே விஜி, தண்ணி ஊத்தலாமா கூடாதா?" என்றான்.

"போய் கிராணியக் கேட்டுட்டு வந்து ஊத்து."

"கேட்டா, ரெண்டு பேரு தனித்தனியா ஊத்தணும், ரெண்டும் ஒத்து வரணும்பாரு."

அவள் சிரித்தாள். அறையில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. விஜி என்ற பெயரையும் அன்றுதான் கேட்டேன்.

"கிராணி, சொன்னது கேட்டுச்சா?" என்றார் யூசுப்.

"கேட்டது. எழுதிவிடுகிறேன்."

சாக்பீஸ் கையில்தான் இருந்தது. எழுதினேன். 'டேப் ஒரு அடி குறை, ஒவ்வொரு நீளத்திலும் கழிக்கவும்.' எழுத்துகளின் அளவுகூட நினைவிருக்கிறது.

இரண்டு நாள் கழித்து அந்த இருவரின் தாள்களும் என் மேஜைக்கு வந்தன. கடைசி எண் வரை ஒத்திருந்தன. இரண்டிலும் ஒரு அடி கழிக்கப்படவில்லை.

பலகையை நிமிர்ந்து பார்த்தேன். அதற்குள் அடுத்த நாளின் விவரங்கள் வந்துவிட்டன. துடைப்பவனும் நான்தான்.

யோசித்துப் பாருங்கள். ஜெயபாலன் பலகையைப் பார்க்காமல் விட்டிருப்பான், அது அவன் இயல்பு. விஜயா பார்க்காமல் விடமாட்டாள். அவள் தாளிலும் அது இல்லையென்றால் ஒன்றுதான் நடந்திருக்க முடியும். தாங்கள் இணை என்பதை இருவரும் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள். அவன் போட்டான், அவள் பார்த்து எழுதிவிட்டாள். எத்தனை நாளாக இது நடக்கிறதோ. நான் ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட தாள்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுகிற பழக்கம் இல்லை. எல்லாரும் போன பிறகு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ருக்மணி அம்மாள் வந்து விளக்குப் போடவா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். இருட்டுகிற அறையில் ஆறு மெஷின்களும் கைப்பிடியை நீட்டிக்கொண்டு நின்றன. அவை மட்டும் என்னை ஏமாற்றவில்லை. இது கல்யாண விஷயம் என்று பிறகு சிலர் பேசினார்கள். இல்லை. விஜயாவிடம் நான் வேலைக்கு வெளியே ஒரு வார்த்தை பேசியதில்லை. இது முறை சம்பந்தப்பட்டது.

இரண்டு தாள்களும் ஒத்தால் கையெழுத்துப் போட வேண்டும். ஒத்தன. போட்டேன். என் முறையை நான் மீறவில்லை.

அளந்த நீளங்கள் முப்பதுக்கு மேல். எனவே முப்பதுக்கு மேல் அடிகள் பாறை கணக்கில் மட்டும் இருந்தது, குன்றில் இல்லை. சுரங்கம் எதிர்பார்த்ததற்கு முன்பே திறந்துகொள்ளும், கம்பெனி விசாரிக்கும், இரண்டு பேரும் என் முன்னால் நின்று, பார்த்து எழுதினோம் என்று சொல்ல வேண்டிவரும். அந்த ஒரு தலைகுனிவைத்தான் நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை என்றுதான் விசாரணையிலும் சொல்லியிருப்பேன், கேட்டிருந்தால்.

சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மிச்சம் முப்பது அடி என்று கணக்குச் சொன்னதும் கிழக்குப் பக்கம் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியே எடுத்துவிடுவார்கள். பிறகு மேற்குப் பக்கம் மட்டும் வெடி வைத்துக்கொண்டு வரும். முப்பது போதும் என்று துரைக்குச் சொன்னதே நான்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நிறுத்தச் சொல்வதற்கு முன்பே பாறை தீர்ந்துவிடும். அது எனக்குத் தெரிந்திருந்ததா என்றால், கணக்குதான் என் வேலை.

கிழக்கு முனையில் நின்று தினமும் எவ்வளவு குடைந்தார்கள் என்று அளக்க ஆள் வேண்டும் என்று துரை கேட்டார். ஜெயபாலனை அனுப்பினேன். ஆறு பேரில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஊருக்கு வந்திருந்தான். ஜாலான் பெண்டஹாராவில் நான் வழக்கமாகப் பசியாறுகிற கடைக்குத் தேடிக்கொண்டு வந்துவிட்டான். முடியில் பாறைத் தூள்.

"என்னண்ணே, தனியாவே சாப்பிடுறீங்க. ஒத்துப் பாக்க ஆளு வேணாமா?" என்று சொல்லிக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். கோப்பிக்குச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். பாறைக்குள்ள மத்தப் பக்கம் துளை போடுற சத்தம் ரொம்பக் கிட்டக் கேக்குது. காத வச்சா பல்லு கூசுது. ஆளுங்க பயப்படுறாங்க. கணக்கு என்னமோ அறுவது அடிக்கு மேல இருக்குங்குது. ஒரு தடவ பாத்துச் சொல்றீங்களா?"

அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. நான் நியாயமானவன்.

"உன் தாளை நீயேதான் போட்டாயா?"

"எந்தத் தாளு?"

"நீளத் தாள். வேறு யாரோடும் சேர்ந்து போடவில்லையே?"

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க. நானேதான் போட்டேன். பலகையப் பாத்து, ஒழுங்கா."

என் கண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னான். இவ்வளவு சுலபமாக ஒருவன் பொய் சொல்ல முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கோப்பி வந்தது. மேலே படிந்த பாலாடையை விரலால் எடுத்துச் சாசரில் போட்டான். அவன் முகம் மாறியிருந்தது. வெட்கப்பட்டான் போலிருந்தது.

"இன்னொண்ணும் இருக்குண்ணே. விஜயா வீட்டுல பேசிட்டோம். அவ அம்மா சாரதாம்பா சரின்னுட்டாங்க. மெர்டேக்கா முடிஞ்ச கையோட வச்சுக்கலாம்னு. எனக்குக் கூடப் பொறந்தவங்க யாருமில்ல. நீங்கதான் என் பக்கம் நின்னு தட்டு மாத்தணும்."

கடைக்குள் சத்தமாக இருந்தது. நான் தட்டைக் காலி செய்து ஓரமாகத் தள்ளிவைத்தேன். அவன் காத்திருந்தான்.

"நிற்கிறேன்" என்றேன்.

"அந்தக் கணக்கு?"

"இரண்டு பேர் தாளும் ஒத்திருக்கின்றன."

உடனே முகம் தெளிந்துவிட்டது. "அப்ப சரிண்ணே. நீங்க சொன்னாப் போதும். ஆளுங்ககிட்டயும் அதையே சொல்லிர்றேன்." என் பங்குக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனான்.

அந்த வாரமே யூசுப்பும் கேட்டார். புது டேப் வாங்கிப் போக வந்தவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த ஒரு அடி கழிச்சாச்சுல்ல கிராணி?" என்றார். "ஆச்சு" என்றேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். மற்ற எல்லா இடத்திலும் உண்மையைத்தான் சொன்னேன். தாள்கள் ஒத்திருந்தது உண்மை.

அந்தச் சனிக்கிழமை காலை மேற்குப் பக்கம் வெடி வைத்தார்கள். கணக்குப்படி நாற்பது அடி பாறை இருந்தது. உண்மையில் ஒரு ஆள் உயரம்கூட இல்லை. கிழக்கு முனையில் ஜெயபாலன் நின்றிருந்தான், கூட இரண்டு துளை போடும் ஆட்கள். சுவர் அவர்கள் மேல் வந்துவிட்டது. சத்தத்துக்குப் பயந்து முந்தின நாள் உள்ளே போக மறுத்தவர்களை, கணக்கு சரியாக இருக்கிறது, கிராணி அண்ணனே சொல்லிவிட்டார் என்று சமாதானம் சொல்லி, முதலில் தானே உள்ளே போனானாம்.

விசாரணை சுருக்கமாக முடிந்தது. மெர்டேக்கா விழாவுக்காகப் பண்டார் ஹிலிர் திடலில் கொடிக்கம்பங்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் வேறு வேலை இருந்தது. இரண்டு தாள்களும் ஒத்திருந்தன, எனவே கணக்கில் பிழையில்லை என்று முடிவானது. பிழை டேப்பில் என்றார்கள். கிராணியிடம் சொன்னேன் என்று யூசுப் திரும்பத் திரும்பச் சொன்னார். சொன்னாரா என்று என்னைக் கேட்டார்கள். நினைவில்லை என்றேன். யூசுப் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அல்லா இருக்கான் கிராணி" என்று மட்டும் சொன்னார். விஜயாவை அவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: இது உன் தாளா? ஆமாம் என்றாள்.

அதன் பிறகு ஒருநாள், அறையில் விட்டுப்போன குடையை எடுக்க வந்தாள். வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். கல்யாணமே ஆகாததால் அதைக் கட்டும் உரிமை அவளுக்கு இன்னும் வரவில்லை, ஆனாலும் கட்டியிருந்தாள். குடையை எடுத்துக்கொண்டு போகாமல் நின்றாள்.

"சார், பலகையில ஒரு அடின்னு எழுதினீங்களா?"

"எழுதினேன்."

"இல்ல சார். யூசுப் மாமா உங்ககிட்டச் சொன்னப்ப நாங்க கெணத்தடியில நின்னோம். நீங்க இந்த ஜன்னல்ல நின்னு எங்களையே பாத்துக்கிட்டிருந்தீங்க. தண்ணி ஊத்திக்கிட்டே அவருதான் காட்டினாரு, சார் பாக்குறாரு, நேரமாச்சு போலன்னு. உள்ள வந்தப்பவும் நீங்க அங்கயேதான் நின்னீங்க, கையில சாக்பீஸ வச்சுக்கிட்டு. பலகை காலியா இருந்துச்சு."

"அந்தப் பக்கம் ஜன்னல் கிடையாது" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் அவரும் ஒருநாள்கூடக் கணக்கு பேசினதில்ல சார். நான் வாயெடுத்தாக்கூட, அண்ணன் நம்மள நம்பித்தான் வச்சிருக்காரு, வேணாம் விஜின்னுவாரு."

அதோடு போய்விட்டாள். செத்தவனை விட்டுக்கொடுக்காமல் பேசினாள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த நிலைமையிலும் அவள் உண்மையை ஒப்புக்கொள்ளவில்லை என்பதை நான் குறித்துக்கொண்டேன்.

எல்லாரும் என்ன ஆனார்கள் என்று சொல்லி முடித்துவிடுகிறேன். ஜெயபாலனும் கூட நின்ற அந்தத் துளை போடும் ஆட்கள் இருவரும் கிழக்கு முனையில் இறந்தார்கள். தெரிந்தே அவர்களை அங்கே நிற்க விட்டவன் நான். சேதுபதி என் பெயர். யூசுப்பை வேலையைவிட்டு எடுத்தார்கள். சில வருஷம் பாசாரில் மூட்டை தூக்கினார், இருமி இருமி இறந்தார். துரை கப்பலேறி ஊருக்குப் போனார். விஜயா தாயாரோடு சிங்கப்பூருக்குப் போய் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சுரங்கம் வழியாகத் தண்ணீர் வந்தது, இன்றும் வருகிறது, நானும் அதைத்தான் குடிக்கிறேன். எனக்கு மேல்பதவி கிடைத்தது. ஓய்வு பெற்றுவிட்டேன்.

ருக்மணி அம்மாள் இல்லை, வீடு இருக்கிறது. போன மாதம் அந்தப் பக்கம் நடந்தபோது உள்ளே போய்ப் பார்த்தேன். கிணற்றுப் பக்கம் ஒரு ஜன்னல் இருக்கிறது. அதன் மரச்சட்டமும் கம்பியும் மற்ற மூன்றைப் போலவே பழையவையாகத்தான் தெரிந்தன. நாங்கள் போன பிறகு வைத்திருப்பார்கள்.